சுரண்டப்பட்ட முகங்கள்

பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிற எங்கள் வாசிப்பு வட்டத்தில் சில மாதங்களுக்கு முன்பு ஒரு தோழர் புகைப்படத் தொகுப்பு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். ஈ.ஜே. பெல்லாக் எடுத்த படங்கள். 1912 வாக்கில், அமெரிக்காவின் தெற்கே உள்ள துறைமுக நகரமான நியூ ஆர்லியன்ஸில், ஸ்டோரிவில் என்ற பகுதியில் பாலியல் தொழில் செய்த பெண்களை எடுத்தவை. ஆளாளுக்குப் புரட்டிப் பார்த்தோம். சில படங்களில் பெண்ணின் உடம்பு முழுசாக இருக்கிறது, முகம் இல்லை. கண்ணாடி நெகடிவில் முகத்தை மட்டும் எதையோ வைத்துச் சுரண்டியிருக்கிறார்கள். அச்சில் அது கன்னங்கரேலென்று கிறுக்கலாக விழுந்திருக்கிறது. ஒருவர் ‘என்ன ஒரு கலை’ என்றார். இன்னொருவர், வயதில் மூத்தவர், துப்புரவுத் தொழிலாளர் மத்தியில் வேலை செய்கிறவர், “இத நாம எதுக்குப் பாக்கணும்? அந்தப் பொம்பளைங்க என்ன சொன்னாங்கன்னு எங்கயாச்சும் எழுதியிருக்கா?” என்று கேட்டுவிட்டு பீடி குடிக்க வெளியே போய்விட்டார். அன்றைக்கு யாரிடமும் பதில் இல்லை. எழுதியிருக்கிறது என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஆனால் இலக்கியத்திலோ சினிமாவிலோ இல்லை, நீதிமன்றத்துக் காகிதத்தில்.

விஷயத்துக்கு வருகிறேன். 1897இல் நியூ ஆர்லியன்ஸ் நகரசபை ஒரு விதி போட்டது. இன்ன தெருவிலிருந்து இன்ன தெருவரை உள்ள பகுதிக்கு வெளியே விபச்சாரம் சட்டவிரோதம். உள்ளே சட்டப்பூர்வம் என்று அந்த விதி எங்கேயும் சொல்லவில்லை. வெளியே கூடாது, அவ்வளவுதான். ஸிட்னி ஸ்டோரி என்ற நகரசபை உறுப்பினர் கொண்டுவந்த விதி என்பதால், சனங்கள் அந்த இடத்துக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். ஒழுக்கத்தைக் காப்பாற்ற வந்த பெரிய மனுசன் பெயரில் ஒரு விலைமாதர் தெரு!

அந்த வட்டாரத்தில் கறுப்பின மக்கள் கும்பிடுகிற மெதடிஸ்ட் தேவாலயம் ஒன்று இருந்தது. எல்லையை எதிர்த்துப் பக்கத்துச் சொத்துக்காரர் ஒருவர் போட்ட வழக்கில் தேவாலயத் தரப்பும் சேர்ந்துகொண்டது. அமெரிக்க உச்சநீதிமன்றம்வரை போய் 1900இல் தோற்றார்கள். நகரத்தின் அழுக்கை எங்கே கொட்டுவது என்று தீர்மானிக்கிற அதிகாரம் நகரசபைக்கு உண்டு, பக்கத்தில் குடியிருக்கிறவன் நட்டம் ஒரு காரணமாகாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். குப்பைக் கிடங்கு யார் குடியிருப்பை ஒட்டி வருகிறது என்று தெரிந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அதே விதி இன்னொரு பகுதியையும் குறித்திருந்தது. பெர்டிடோ தெருவைச் சுற்றிய மேல்பகுதி. அது கறுப்பர்களுக்கு. பேரெடுத்தது ஸ்டோரிவில்தான். பேஸின் தெருவில் லூலு வைட்டின் மஹாகனி ஹால், நாலு மாடி. அதைச் சுற்றி மற்ற விடுதிகள். பின்தெருக்களில் ‘கிரிப்’ என்ற ஒற்றை அறைகள். கட்டில் போட்டால் அறை நிறைந்துவிடும். பெண்கள் நாள் வாடகை கொடுத்து அதில் இருந்தார்கள். விடுதிகளுக்கு வழிகாட்டியாக ‘ப்ளூ புக்’ என்று ஒரு சிறு புத்தகம் விற்றார்கள். ஒவ்வொரு பெண்ணின் பெயருக்குப் பக்கத்திலும் எழுத்து போட்டிருக்கும். வெள்ளைக்கு ஒரு எழுத்து, கறுப்புக்கு ஒரு எழுத்து, ‘ஆக்டோரூன்’ என்பதற்குத் தனி எழுத்து. எட்டில் ஒரு பங்கு கறுப்பு ரத்தம் என்று அர்த்தம். பள்ளிக்கூடத்திலும் ரயிலிலும் இழிவாக இருந்த அந்த எட்டில் ஒரு பங்கு இங்கே விலை கூட்டியது. இதே ஊர்க்காரரான ஹோமர் பிளெஸ்ஸி எட்டில் ஒரு பங்கு கறுப்பர் என்பதற்காகத்தான் 1892இல் வெள்ளையர் ரயில் பெட்டியிலிருந்து இறக்கிக் கைது செய்யப்பட்டார். 1896இல் உச்சநீதிமன்றம் அதைச் சரி என்றது. மறு வருசமே ஸ்டோரிவில் விதி. ரயில் பெட்டியில் உட்கார்ந்தால் தீட்டு, கட்டிலில் தீட்டு இல்லை.

இன்னொன்று. விடுதிகளில் கறுப்பின ஆண்கள் வாடிக்கையாளராக நுழைய முடியாது. அந்த விடுதியில் இருக்கிற பெண் கறுப்பினத்தவளாக இருந்தாலும் முடியாது. பியானோ வாசிக்க வரலாம். ஜெல்லி ரோல் மார்ட்டன் அப்படி வாசித்தவர்தான். (எங்க தாத்தா கோயில் திருவிழாவுக்கு மேளத்தோடு போவார். சாமி எப்படி இருக்கும் என்று அவரைக் கேட்டால், “சத்தம் கேட்டிருக்கேன்” என்பார்.) மார்ட்டனுக்கு ஒரு ப்ளூஸ் பாட்டைக் காதில் போட்டது மேமி டெஸ்டூன் என்ற பெண். வலது கையில் இரண்டு விரல் இல்லாமல் பியானோ வாசித்தவள். இவள் ரொடால்ஃப் டெஸ்டூன் என்பவரின் மகள் என்று ஆய்வாளர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். அவர் யார்? பிளெஸ்ஸி வழக்கை நடத்திய குடிமக்கள் குழுவின் முன்னணி ஆள். பிளெஸ்ஸிக்கு முன்பே தன் மகன் டேனியலை அதே போராட்டத்துக்காக ரயிலேற்றியவர். 1911இல் தன் சமூகத்தின் வரலாற்றைப் பிரெஞ்சு மொழியில் புத்தகமாகப் போட்டார். தலைப்பை அப்படியே தமிழில் சொன்னால் ‘நம் ஆண்களும் நம் வரலாறும்’. அதே 1911இல்தான் மேமி செத்துப்போனாள்.

இனி 1917. அந்த வருசம் ஸ்டோரிவில்லை யுத்தம் மூடியது என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். அதுக்கு முன்னால் நடந்ததைப் பல புத்தகங்கள் ஒரு வரியில் தாண்டிவிடும். 1917 தொடக்கத்தில், அமெரிக்கா யுத்தத்தில் இறங்குவதற்கு முன்பே, நகரசபை 4118 என்ற எண்ணுள்ள விதியைப் போட்டது. விபச்சாரப் பகுதியை நிறவாரியாகப் பிரிக்க வேண்டும். கறுப்பு, கலப்பு எல்லாரும் ஸ்டோரிவில்லைக் காலி செய்துவிட்டு மேல்பகுதிக்குப் போகவேண்டும். இருபது வருசமாக அந்தப் பெண்களின் நிறத்தை விளம்பரம் பண்ணிக் காசு பார்த்த ஊருக்குத் திடீரென்று தீட்டுப்பட்டுவிட்டது. 1908இல் வெள்ளையரும் கறுப்பரும் ஒரே சாராயக்கடையில் குடிக்கக் கூடாது என்று லூசியானாவில் சட்டம் வந்தது. அதே வருசம் இரு இனத்தாரும் கல்யாணமில்லாமல் சேர்ந்து வாழ்வது குற்றம் என்றும் சட்டம் வந்தது. 1917இன் விதி அந்தச் சங்கிலியில் அடுத்த கண்ணி.

வில்லி பியாஸா என்ற விடுதிக்காரி இதை எதிர்த்தாள். கலப்பினப் பெண். தன்னைக் கோமகள் என்று சொல்லிக்கொண்டவள். லூலு வைட்டும் இன்னும் சில பெண்களும் தனித்தனியாக வழக்குக்குப் போனார்கள். பியாஸாவுக்குக் கீழ்நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. அவள் மாநில உச்சநீதிமன்றத்துக்குப் போனாள். அதே 1917இல் அவளுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. ஒருத்தியை அவள் சொந்த வீட்டில் குடியிருக்கக் கூடாது என்று நகரசபை சொல்ல முடியாது.

நண்பர்களே, இதைப் படித்ததும் கொடி பிடிக்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அவசரப்படக் கூடாது. பியாஸா ஏழை இல்லை. மற்றப் பெண்களின் உடம்பை விற்று வீடு வாங்கியவள். தீர்ப்பும் சமத்துவத்தைப் பேசவில்லை, சொத்தையும் குடியிருப்பையும் பேசியது. அதே வருசம் நவம்பர் 5ஆம் தேதி, கெண்டக்கி மாநிலத்து லூயிவில் நகரம் தெருக்களை நிறவாரியாகப் பிரித்ததை அமெரிக்க உச்சநீதிமன்றமே செல்லாது என்றது. அங்கும் ஜெயித்தது வீட்டை விற்கிறவனின் சொத்துரிமைதான். ஆனாலும் ஒன்று மிஞ்சுகிறது. கறுப்பர்களை வரிசையாகத் தோற்கடித்துக்கொண்டிருந்த ஒரு மாநிலத்தில், நகரமே ‘கெட்டவள்’ என்று முத்திரை குத்திய ஒருத்தி நகரசபையை எழுத்தில் தோற்கடித்திருக்கிறாள்.

அந்த வெற்றி சில மாதம்தான் நிலைத்தது. 1917 மே மாதம் ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் சட்டம் வந்தது. அதன் 13ஆம் பிரிவு ராணுவ முகாம்களைச் சுற்றி விபச்சார விடுதி இருக்கக் கூடாது என்றது. பிறகு கடற்படைக்கும் அது நீட்டிக்கப்பட்டது. நியூ ஆர்லியன்ஸில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கடற்படை நிலையம் இருந்தது. மேயர் மார்ட்டின் பெர்மன் வாஷிங்டனுக்கே போய்க் கெஞ்சிப் பார்த்தார். நடக்கவில்லை. நகரசபையே மூடுவதற்கு விதி போட்டது. 1917 நவம்பர் 12 நள்ளிரவோடு ஸ்டோரிவில் முடிந்தது. லூயிவில் தீர்ப்பு வந்து ஒரு வாரம்.

மூடச்சொன்ன கடற்படை அமைச்சர் ஜோஸிபஸ் டேனியல்ஸ் யார் என்று பார்க்கணும். வட கரோலினாவில் பத்திரிகை நடத்தியவர். அங்கே வில்மிங்டன் என்ற துறைமுக நகரத்தில் 1898இல் வெள்ளை ஆதிக்கவாதிகள் ஆயுதத்தோடு இறங்கி, தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சியைக் கவிழ்த்து, கறுப்பின மக்களைக் கொன்றார்கள். அதற்கு முந்தின மாதங்களில் கறுப்பின ஆண்களால் வெள்ளைப் பெண்களின் கற்புக்கு ஆபத்து என்று கேலிச்சித்திரமும் செய்தியுமாக வெறியேற்றியது இவருடைய பத்திரிகை. அந்தப் பத்திரிகை 2006இல் மன்னிப்புக் கேட்டது. இந்த மனுசன்தான் சிப்பாய்களின் ஒழுக்கத்தைக் காப்பாற்ற நியூ ஆர்லியன்ஸுக்குக் கட்டளை போட்டார். ‘தூய்மை’ என்ற சொல்லை யார் வாயிலிருந்து கேட்டாலும் அவன் கையையும் பார்க்கிற பழக்கம் நமக்கு உண்டு. இங்கே அது உதவுகிறது.

இனி கலைஞர்கள் இதை என்ன செய்தார்கள் என்று பார்ப்போம்.

1947இல் ‘நியூ ஆர்லியன்ஸ்’ என்ற ஹாலிவுட் படம். லூயி ஆம்ஸ்ட்ராங் இருக்கிறார், பில்லி ஹாலிடே இருக்கிறார். ஸ்டோரிவில் மூடப்படுகிற காட்சியும் இருக்கிறது. எல்லாரும் பாட்டுப் பாடிக்கொண்டே தெருவைவிட்டு வெளியேறுகிறார்கள். ஏன் வெளியேற்றப்படுகிறார்கள், எங்கே போவார்கள் என்பது படத்துக்கு வேண்டாம். கதை ஒரு சூதாட்ட விடுதிக்காரனுக்கும் ஓபரா பாடும் வெள்ளைக்காரிக்கும் நடுவிலான காதல். அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய பாடகிகளில் ஒருத்தியான பில்லி ஹாலிடேவுக்கு அதில் வேலைக்காரி வேசம். அந்தக் கசப்பைப் பின்னாளில் தன் சுயசரிதையில் அவரே சொல்லியிருக்கிறார். ஸ்டோரிவில் மூடியதால்தான் ஜாஸ் வடக்கே போய் உலகத்துக்குக் கிடைத்தது என்கிற புராணத்தைப் பரப்பியதில் இந்தப் படத்துக்கும் பங்கு உண்டு. அது பொய்க் கணக்கு. மார்ட்டன் அதற்கு வெகு முன்பே ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டார். முதல் ஜாஸ் இசைத்தட்டு 1917 பிப்ரவரியில் நியூயார்க்கில் பதிவானது. வாசித்தவர்கள் ஐந்து வெள்ளைக்காரர்கள்.

1978இல் லூயி மால் எடுத்த ‘ப்ரெட்டி பேபி’. பெல்லாக் இதில் ஒரு பாத்திரம். விடுதியில் பிறந்த பன்னிரண்டு வயதுச் சிறுமியின் கன்னிமை ஏலம் போடப்படுகிறது. அந்த ஏலத்தைப் படம் கண்டிக்கிறதா, நம்மையும் ஏலம் கேட்க உட்கார வைக்கிறதா? இரண்டாவது என்றே எனக்குப் பட்டது. ஒளிப்பதிவு அவ்வளவு அழகு. வெள்ளைச் சிறுமியின் துயரம்தான் துயரம். கறுப்பின பியானோக்காரர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கடைசியில் மூடுகிறார்கள், எல்லாரும் கலைகிறார்கள்.

மைக்கேல் ஒண்டாச்சியின் ‘கமிங் த்ரூ ஸ்லாட்டர்’ (1976) வேறு தரம். கொழும்பில் பிறந்து கனடாவுக்குப் போன எழுத்தாளர். ஜாஸின் ஆதி கலைஞர் என்று சொல்லப்படுகிற, 1907இல் மனநோய் விடுதியில் அடைக்கப்பட்டு 1931இல் அங்கேயே செத்த பட்டி போல்டனைப் பற்றிய நாவல். உடைந்து உடைந்து போகிற அந்த எழுத்தை நான் ராத்திரியோடு ராத்திரியாகப் படித்தேன். மறுக்க மாட்டேன். ஆனால் அவர் பெல்லாக்கை நொண்டியாக்கி, படங்களைக் கத்தியால் கீறுகிற கலைஞனாக்கி, தீயில் சாகவைக்கிறார். நிஜ பெல்லாக் கப்பல் கட்டுகிறவர்களுக்கும் படமெடுத்துப் பிழைத்த தொழில்முறைப் புகைப்படக்காரர். 1949வரை இருந்தவர். உண்மைகளை மாற்றியிருப்பதாக ஒண்டாச்சியே ஒப்புக்கொள்கிறார். புனைவுக்கு அந்த உரிமை இருக்கிறது. என் சண்டை வேறு. முகத்தைச் சுரண்டியது யார் என்று இன்றுவரை முடிவாகவில்லை. அந்தப் பெண்ணே தன்னை மறைக்கச் சொல்லியிருக்கலாம், படமெடுத்தவர் செய்திருக்கலாம். இந்தத் திறந்த கேள்வியை மூடி, அந்தக் கீறலை ஆண் கலைஞனின் வேதனையாக்கிவிடுகிறது நாவல். பெண் மறுபடியும் அவனுடைய வேதனைக்குத் தாள்.

கடைசியாக ஒரு கறுப்பினப் பெண் வருகிறார். நடாஷா ட்ரெத்வே, ‘பெல்லாக்ஸ் ஒபீலியா’ (2002). வெள்ளைத் தகப்பனுக்கும் கறுப்பினத் தாய்க்கும் 1966இல் மிசிசிப்பியில் பிறந்தவர். அப்பா அம்மா கல்யாணமே அப்போது அந்த மாநிலத்தில் சட்டவிரோதம். படங்களிலிருந்து ஒபீலியா என்று ஒரு பெண்ணைக் கற்பனை செய்து, அவள் கையில் பேனாவைக் கொடுக்கிறார். ஊரிலிருக்கும் ஆசிரியத் தோழிக்கு அவள் கடிதம் எழுதுகிறாள். பிறகு கையில் கேமராவும் வருகிறது. பார்க்கப்பட்டவள் பார்க்கத் தொடங்குகிறாள். நான் பார்த்தவற்றில் மனசுக்கு நெருக்கமானது இந்தப் புத்தகம்தான். ஆனாலும் ஒரு மனத்தாங்கல் இருக்கிறது. அதில் ஒரு விடுதித் தலைவி வருகிறாள், ‘கவுண்டஸ் பி’. பியாஸாவின் சாயல் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். புதுசாக வந்த பெண்ணுக்கு, ஆண் பார்க்கும்போது எப்படி நிற்க வேண்டும் என்று அவள் பாடம் எடுக்கிறாள். கவிதையின் காலம் 1912ஓடு முடிந்துவிடுகிறது. ஐந்து வருசம் கழித்து அந்தத் தலைவியே நீதிபதி முன் நின்று வாதாடப்போவது அதில் இல்லை. ஒபீலியா நல்லவள், படித்தவள், வெள்ளைக்காரி மாதிரி தெரிகிறவள். ஊரைவிட்டுத் தப்பிப் போகிறாள். தப்பிக்காமல் அங்கேயே நின்று, ‘இது என் வீடு, போகமாட்டேன்’ என்று வழக்குப் போட்டவளுக்குக் கவிதையில் இடமில்லை. அவள் அவ்வளவு நல்லவளும் இல்லை, ஒருவேளை அதனாலோ என்னவோ.

இந்த எல்லாவற்றிலும் பெர்டிடோ தெரு எங்கே? மேல்பகுதிப் பெண்கள் எங்கே? பெல்லாக் தொகுப்பில் மிஞ்சியிருக்கிற 89 கண்ணாடித் தட்டுகளில் பார்வைக்குக் கறுப்பினப் பெண் என்று சொல்லும்படி ஒருத்தியை நான் காணவில்லை. அந்தத் தெருவைப் பற்றிப் பேச ஒரே ஒரு ஆள்தான் எனக்குக் கிடைத்தார். அங்கேயே வளர்ந்த ஆம்ஸ்ட்ராங். 1954இல் வந்த ‘ஸேச்மோ’ என்ற தன் கதையில், அம்மா பிழைப்புக்காக அந்தத் தொழிலுக்குப் போனாளா என்று தனக்குத் தெரியாது, போயிருந்தாலும் என் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டாள் என்கிற பொருளில் எழுதுகிறார். கூச்சம் இல்லை, தீர்ப்பும் இல்லை. நிலக்கரி வண்டியோடு ஸ்டோரிவில் கிரிப்களுக்குப் போன பையன் அவர். கரி போடுகிற சாக்கில் உள்ளே வாசிக்கிற சங்கீதத்தைக் கேட்டுக்கொண்டு நின்றவர். மூடிய சமயத்தில் அந்தப் பெண்களை விரட்டியது பார்க்கச் சகிக்கவில்லை என்று சொல்கிறார். நாவலும் படமும் சங்கீதம் போச்சே என்று அழுகிறபோது, சங்கீதக்காரன் பெண்கள் போன இடத்தை நினைக்கிறான். இந்த நாலு வரி சாட்சியம், படங்களின் மொத்தத் தொகுப்பையும்விட எனக்குப் பெரிசு.

அவர்கள் எங்கே போனார்கள்? நகரத்தின் மற்றத் தெருக்களுக்குப் போனார்கள். தொழில் நிற்கவில்லை. 1918 ஜூலையில் சேம்பர்லெய்ன்-கான் சட்டம் வந்தது. பால்வினை நோய் இருக்கும் என்று சந்தேகப்பட்ட பெண்களைப் பிடித்து, சோதித்து, அடைத்து வைக்க மாநிலங்களுக்கு மத்திய அரசு பணம் கொடுத்தது. நாடு முழுக்க ஆயிரக்கணக்கான பெண்கள் அடைக்கப்பட்டார்கள். நோயைக் கொண்டுவந்த சிப்பாய்க்கு ஊசி போட்டு அனுப்பினார்கள். ஸ்டோரிவில்லின் பெரும்பகுதியை இடித்துவிட்டு 1940களின் தொடக்கத்தில் ஐபர்வில் என்ற அரசுக் குடியிருப்பைக் கட்டினார்கள். முதலில் அது வெள்ளை ஏழைகளுக்கு மட்டும். 1917இல் நகரசபைக்கு முடியாமல் போனதை வீட்டுவசதி வாரியம் முடித்துக் கொடுத்தது.

1873இல் ஜோதிபா ஃபுலே ‘குலாம்கிரி’யை அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார், அடிமைத்தனத்தை ஒழித்தார்கள் என்று. அந்தத் தேசத்தில் அதற்குப் பிறகு நடந்ததையும் சேர்த்துப் படிக்கிற கடன் நமக்கு இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளம் எழுதினேன்.

சட்டப் புத்தகத்தில் அந்த வழக்கின் தலைப்பு, ‘நியூ ஆர்லியன்ஸ் நகரம் எதிர் பியாஸா’. அடுத்த கூட்டத்துக்குத் தீர்ப்பின் நகல் ஒன்றை எடுத்துப்போகிறேன். ஆங்கிலம் கடுமையாகத்தான் இருக்கிறது, வரிக்கு வரி சொல்லித்தான் ஆகணும். அந்தப் பெரியவர் இந்தத் தடவை பீடியோடு வெளியே போகாமல் இருந்தால் சரி.